மூக்குக்காரி

நேற்றுக் காலையில் என் மகனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். கையில் குளியல் கப்பு இருந்தது. பள்ளிச் சட்டையை மாட்டிக்கொண்டு அவன் என்னைத் தாண்டிப் போனான். அவன் பின்னால் வந்த காற்று என் முகத்தில் அறைந்தது. ஈரத்துணி, பழைய வேர்வை, அதற்கு மேல் அடித்துக்கொண்ட ஸ்ப்ரேயின் இனிப்பு. "குளிச்சியாடா?" என்றேன். "குளிச்சேம்மா, கத்தாத" என்றான். பொய். முடி காய்ந்திருந்தது. கை தானாக எழுந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு முன்னால் அதில் புளிய விளாறு இருந்தது. அப்போது அது என் தோளில் ஒட்டியிருக்கவில்லை, அவ்வளவுதான்.

நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சொல்கிறேன். நாற்பதைத் தாண்டி, முட்டி வலித்து, வீட்டில் பதினாலு வயது ஒன்றை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து வாழ்கிறவர்களுக்கு. நம் அடுக்ககத்துத் தாய்மார்களின் வாட்ஸப் குழுவில் போன வாரம் ஒருத்தி கேட்டாள்: "அடிக்காம எப்படிப்பா இதுகளக் குளிக்க வைக்கிறது?" ஆளாளுக்குச் சிரிக்கிற பொம்மை போட்டீர்கள். நான் ஒன்றும் போடவில்லை. அந்த முதல் சொல்லிலேயே நின்றுவிட்டேன். அதற்குப் பதில் சொல்ல நான் ஒரு பங்குனி மாதத்துக்குள் போய்வர வேண்டும். போய்விட்டு வருகிறேன்.

ஒத்தக்கடையைத் தாண்டி மேலூர் ரோட்டை ஒட்டி அப்போது இந்த அடுக்ககம் எதுவும் கிடையாது. பொட்டல். அந்தப் பக்கம் யானைமலை, வெயிலில் தோலுரித்துப் போட்ட பெரிய மிருகம்போலக் கிடக்கும். ரோட்டோரம் ஒரு நீளக் கட்டடம், முன்னால் இடுப்புயரக் கல்சுவர். அதுதான் பெண்பிள்ளைகள் விடுதி. மதுரையில் நாலு பெரிய மனிதர்கள் சேர்ந்து நடத்தியது. முப்பத்திரண்டு பேர் இருந்தோம். எட்டாவதிலிருந்து பத்தாவது வரை. எனக்குப் பதிமூன்று வயது.

மூன்று குழாய். காலையில் இருபது நிமிடம் தண்ணீர் வரும். முப்பத்திரண்டு பேருக்கு. கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டாம், அந்தக் குழாயடியைப் பார்த்தால் போதும். வாளிகள் முட்டிக்கொள்ளும், முழங்கைகள் விலாவில் இறங்கும், முடியைப் பிடித்து இழுத்து வரிசையிலிருந்து எறிவார்கள். ஒருத்தியின் முன்பல் ஒரு வாளி விளிம்பில் போனது. பாதிப் பல்லைக் கையில் வைத்துக்கொண்டு அவள் தன் இடத்தை விடாமல் நின்றாள், ரத்தம் வாளிக்குள் சொட்ட. அதே தண்ணீரில் குளித்தாள். சோப்பு எங்களுக்கு முழுசாக வராது. சிவப்புச் சோப்பை நூலால் எட்டாக அறுத்துக் கொடுப்பார்கள். அந்தத் துண்டு உள்ளங்கையில் மீன்போல நழுவிச் சாக்கடைக்குள் விழுந்தால் அந்த வாரத்துக்குச் சோப்பு அவ்வளவுதான்.

மாசி முடிகிற சமயத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து வார்டனம்மாவுக்கு ஒரு சொல் வந்தது: விடுதிப் பிள்ளைகள் நாறுகிறார்கள், மற்ற பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்கிறார்கள். பெரிய மனிதர்கள் காதுக்கும் அது போயிற்று. அன்று மாலை வார்டனம்மா எங்களை வராந்தாவில் வரிசையாக நிற்கவைத்தார். கையில் புளிய விளாறு, இலையை உருவிய பச்சை விளாறு.

"நாளையிலேருந்து காலம்பற ஆறரைக்கு இந்த இடத்துல நிக்கணும். கையத் தூக்கிக்கிட்டு நிக்கணும். நாறுறவளுக்கு கெண்டக்கால்ல ஆறு அடி. அவ பெட்டில ஒரு கோடு. மூணு கோடு விழுந்தா பெட்டியத் தூக்கிக்கிட்டு ஊரப் பாத்துப் போயிரணும்."

எல்லோருக்கும் ஒரு டிரங்குப் பெட்டி இருந்தது. தகரம். அதன் மூடியில் சாக்கட்டியால் கோடு.

இதில் ஒரு சிக்கல் இருந்தது, அது எனக்கு மட்டும் தெரியும். வார்டனம்மாவுக்கு மூக்கு வேலை செய்யாது. ஏதோ காய்ச்சலுக்குப் பிறகு போய்விட்டதாம். ஒரு நாள் அவர் அறையில் மண்ணெண்ணெய் டின் சரிந்து தரையெல்லாம் ஓடியிருந்தது, அவர் கட்டிலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றதைப் பார்த்துத்தான் குனிந்து பார்த்தார். என்னை உற்றுப் பார்த்தார். எனக்கோ எல்லாம் முன்கூட்டியே மணக்கும். சாம்பார் அடிபிடிக்கும்முன் சொல்வேன். பரணில் எலி செத்துக் கிடந்ததை நான்தான் சொன்னேன்.

"ஒனக்கு நல்ல மூக்குடி" என்றார். "காலைல எங்கூட நட. நாறுறவ தோளத் தொடு. நான் பாத்துக்கிறேன். ஏதும் வெளிய சொன்ன, மொதக் கோடு ஒனக்குத்தான்."

அப்படித்தான் நான் மூக்குக்காரி ஆனேன்.

இப்போது எழுதும்போது கூசுகிறது. அப்போது கூசவில்லை. முப்பத்தோரு பேர் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க, கழுத்தை நீட்டிக்கொண்டு நான் மட்டும் நடந்து போவேன். அவர்கள் கண் என் மூக்கிலேயே இருக்கும். எனக்கு வரிசையில் நிற்காமல் ஒரு வாளி நிறையத் தண்ணீர் கிடைத்தது. பெட்டிக்குள் முறுக்கும் அதிரசமும் விழுந்தன. தோளைத் தொட்டதும் விளாறு என் காதோரம் காற்றை அறுத்துக்கொண்டு போகும். கெண்டைக்காலில் முதல் அடிக்கு வெள்ளையாக ஒரு கோடு எழும், மூன்றாவதற்குச் சிவக்கும், ஐந்தாவதற்குத் தோல் பிளக்கும். ஆறாவது அடியை வார்டனம்மா கொஞ்சம் நிறுத்திக் கொடுப்பார். அந்த நிறுத்தம்தான் அடியைவிடக் கொடுமை.

வரிசை கலைந்ததும் தினமும் ஒன்று நடக்கும். வார்டனம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்துவார். முந்தானையை எடுத்துக் கையைத் தூக்குவார். குரல் தணிந்துவிடும்.

"எம்மேல?"

வேர்வையும் தைலமும் ஈரச்சேலையுமாக அடிக்கும். "இல்ல டீச்சர்" என்பேன். அவர் மூச்சு விடுவார். தன் உடம்பு நாறுகிறதா என்று தெரியாத ஒருத்தி நாள் முழுக்க எவ்வளவு பயந்திருப்பாள் என்று இப்போது புரிகிறது. அப்போது எனக்குப் புரிந்தது ஒன்றுதான்: இந்தக் கேள்விக்குப் பொய்தான் பதில்.

பத்தாவது படித்த லீடரக்கா இரண்டாம் நாளே என்னைக் குழாயடியில் பிடித்தாள். கபடி ஆடுகிறவள், மணிக்கட்டைத் திருகினால் எலும்பு பேசும். "எம்பக்கம் மூக்கு நீண்டுச்சு, அறுத்து ஒங் கையில குடுத்துருவேன்" என்றாள். அவள்தான் விடுதியிலேயே அதிகம் நாறியவள். அவளைத் தாண்டிப் போகும்போது மூச்சை அடக்கிக்கொள்வேன். இரண்டு நாள் யாரையுமே தொடவில்லை. மூன்றாம் நாள் வார்டனம்மா என் காதைப் பிடித்துத் தூக்கினார்.

"முப்பத்தோரு பேரும் ரோசாப்பூவா? நாள் ஒண்ணுக்கு ஒருத்தியாவது இருப்பா. தேடு."

தேடினேன். யாரைத் தொட்டால் எனக்கு ஒன்றும் ஆகாதோ அவர்களைத் தேடினேன். ஞாயிற்றுக்கிழமை பலகாரப் பையோடு யாருடைய அப்பா வரமாட்டாரோ அவர்களை. எங்கள் வீட்டில் கிணறும் வயலும் இருந்தன. அந்த மாதிரி வயல்களில் கூலிக்குக் களை எடுத்தவர்களின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் விடுதியில் இருந்தார்கள். அவர்கள் தோளைத் தொட்டால் வார்டனம்மா ஒரே ஒரு சொல் சொல்வார். "நெனச்சேன்." மற்றவர்களைத் தொட்டால் அந்தச் சொல் வராது. எனக்கு நல்ல மூக்கு. அந்தச் சொல்லையும் மோப்பம் பிடித்துவிட்டேன்.

என் பாய்க்கு அடுத்த பாயில் படுத்திருந்தவள் அவர்களில் ஒருத்தி. பாய்க்காரி என்றே சொல்கிறேன். உசிலம்பட்டிக்கு மேற்கே ஏதோ வறண்ட ஊர். அம்மா செங்கல் காளவாசலில் வேலை. ஒன்பதாவது, கணக்கில் நூறு வாங்குகிறவள். வந்த நாளிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள்: "எங்க மாமன் தாலியோட நிக்கிறாரு புள்ள. நான் இங்க இருக்கங்காட்டியும்தான் சும்மா இருக்காரு. படிப்பு நின்னுச்சு, அன்னைக்கே கழுத்துல ஏறிரும்." மாமனுக்கு முப்பது வயது. இவளுக்குப் பதினாலு. அவள் பெட்டி மூடியில் விழப்போகும் மூன்று கோட்டுக்கு அதுதான் அர்த்தம்.

முதல் கோடு என்னால் விழுந்தது. பொய்யாகத் தொடவில்லை, அன்று அவள் உண்மையாகவே நாறினாள். அடி வாங்கும்போது அழவில்லை, வராந்தாத் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுநாள் பள்ளி விட்டு வந்ததும் அவள் குழாயடிக்குப் போய்ச் செங்கல் துண்டால் உடம்பைத் தேய்த்ததைப் பார்த்தேன். கக்கம், கழுத்து, தொடை. பல்லைக் கடித்துக்கொண்டு, சுவரைச் சுரண்டுவதுபோல. தோலில் ரத்தம் பொடிப்பொடியாகப் பூத்தது. "விடு புள்ள" என்றேன். "நீ போய் ஒன் மூக்கக் கழுவு" என்றாள். மறுநாள் காலை அதே ரணத்தோடு வரிசையில் நின்றாள். மோந்தேன். நாறியது. வேண்டாம் என்றுதான் நினைத்தேன். வார்டனம்மா என் முகத்தைப் படித்துவிட்டார். விளாறு கெண்டைக்காலில் முந்தின அடியின் ரணத்தின் மேலேயே இறங்கியது. "நெனச்சேன்." இரண்டாவது கோடு.

அன்று மத்தியானம் பள்ளியில் என்னால் உட்கார முடியவில்லை. சாப்பாட்டு மணிக்கு அவளைக் கூப்பிட்டு அவள் கையைப் பிடித்து மோந்து பார்த்தேன். சோப்பும் ரத்தமும்தான். நாற்றமே இல்லை. பிறகு குனிந்து அவள் பாவாடையை மோந்தேன். மழையில் நனைந்து திண்ணையடியில் சுருண்ட நாய். அதுதான். நாறியது பிள்ளை இல்லை, துணி. அவளிடமும் சொன்னேன்.

விடுதியில் ஒரு சட்டம் இருந்தது. பொம்பளைப் பிள்ளைகள் துணி ரோட்டுப் பக்கம் தெரியக் கூடாது. பஸ்ஸில் போகிறவன் பார்ப்பான், நன்கொடை கொடுக்கிறவர் பார்ப்பார். அதனால் முப்பத்திரண்டு பேர் பாவாடையும் சட்டையும் உள் நடையில், வெயிலே வராத இடத்தில், ஒரே கொடிக்கயிற்றில் ஒன்றின்மேல் ஒன்றாகத் தொங்கும். பாதி காய்ந்ததை எடுத்து மாட்டிக்கொள்வோம். மாதத்துக்கு ஒரு முறை அலசுகிற துணிகளோ அந்தக் கொடிக்கும் வரக் கூடாது. பெட்டிக்கு அடியில், இருட்டில், பூஞ்சை பிடித்தபடி கிடக்கும். அதையே மறுபடி எடுப்போம். அரிப்பு வரும், புண் வரும், யாரும் யாரிடமும் சொல்ல மாட்டோம். வெளியே மலையை வெடிக்க வைக்கிற வெயில், உள்ளே நாங்கள் ஊறிக்கொண்டிருந்தோம். அதற்குப் பரிகாரம் கெண்டைக்காலில் ஆறு அடி.

மாலையில் வார்டனம்மாவிடம் சொன்னேன். "டீச்சர், பிள்ளைக நாறல. பாவாடைதான் நாறுது."

அறை விழுந்தது. காதுக்குள் குழாய் திறந்ததுபோலச் சத்தம். "எல்லாப் பாவாடையும் ஒரே கொடிலதான் காயுது. ஒன் பாவாடை நாறலயே. அது எப்படி?"

என் பாவாடை நாறவில்லை என்றுதான் நானும் நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை வார்டனம்மா தல்லாகுளத்தில் இருந்த விடுதி ஆபீசுக்குப் போனார். காலை பஸ்ஸில் போனால் மாலைதான் வருவார். அவர் முதுகு மறைந்ததும் பாய்க்காரி நடைக்குள் போய்க் கொடியில் கிடந்த துணி முழுவதையும் வாரிக்கொண்டு வந்தாள். தூக்க முடியாத ஈரப் பாரம். வராந்தாவில் போட்டாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க. பெட்டிக்கு அடியில உள்ளதையுந்தான்."

யாரும் அசையவில்லை. லீடரக்கா எழுந்து வந்தாள். "எவ சொல்றா, எவ கேக்குறது? போட்டுட்டுப் போடி" என்று தோளில் தள்ளினாள். பாய்க்காரி விழுந்தாள், எழுந்தாள், தலையைக் குனிந்துகொண்டு லீடரக்காவின் வயிற்றில் முட்டினாள். இரண்டு பேரும் ஈரத்துணி மேல் புரண்டார்கள். கடித்தார்கள், பிடுங்கினார்கள். கடைசியில் லீடரக்கா மேலே உட்கார்ந்து இவள் கையை இரண்டையும் மிதித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கீழே கிடந்தவள் சொன்னாள்:

"எனக்கு ரெண்டு கோடு விழுந்துருச்சுக்கா. மூணாவது விழுந்தா எனக்குக் கல்யாணம். நீ என்ன அடிச்சே கொன்னாலும் எனக்கு ஒண்ணுதான்."

லீடரக்கா இறங்கினாள். உதட்டைத் துடைத்துக்கொண்டாள். தன் பெட்டியை நகர்த்தி, அடியில் கிடந்ததை எடுத்துக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு எல்லோரும் வந்தார்கள்.

ரோட்டுக் கல்சுவர் தோசைக்கல்லாகக் கொதித்துக்கொண்டிருந்தது. முப்பத்திரண்டு நீலப் பாவாடை, முப்பத்திரண்டு வெள்ளைச் சட்டை, இடையிடையே அந்தச் சின்னத் துணிகள். மேலூர் ரோட்டில் பஸ் போயிற்று. ஜன்னலில் நாலு பயல்கள் விசிலடித்தார்கள். லீடரக்கா ஒரு கல்லை எடுத்து விட்டாள், பஸ்ஸின் தகரத்தில் அது வெடித்த சத்தத்தில் விசில் நின்றது. "இனி ஒருத்தன் அடிக்கட்டும்" என்று அடுத்த கல்லைக் கையில் உருட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

துணி காய்கிற நேரத்தில் பாய்க்காரி குழாயடியில் எங்களை உட்காரவைத்தாள். அவளிடம் ஒரு சிவப்புக் கப்பு இருந்தது, பிடி உடைந்தது.

"எங்க ஊர்ல ஒரு கொடம் தண்ணிக்கு மூணு மைல் நடக்கணும். நீங்க வாளி வாளியா ஊத்தி மொகத்தையும் கையையும் கழுவிட்டு வாரீக. மொகம் எங்க நாறுது? நாலு கப்பு போதும். மொதக் கப்புல கக்கம், கால் இடுக்கு, கால்வெரல் சந்து, பின்கழுத்து நனைச்சுக்க. சோப்பு அங்க மட்டும் போடு. முதுகுக்குப் போடலன்னா முதுகு செத்துராது. ரெண்டாவது கப்பு கக்கத்துக்கு. மூணாவது கீழ. நாலாவது காலுக்கும் பின்கழுத்துக்கும். பவுடரு வேணாம், நனைஞ்சா பசையாயிரும். பெறகு காஞ்ச துணி. அம்புட்டுத்தான்."

பல் போனவள் கேட்டாள், "தெனமுமா?"

"தெனமும் முடியலன்னா மூணு கப்பு. அதுவும் இல்லன்னா நனைச்ச துண்டு. நல்ல நாளு பாத்துப் பத்து வாளி ஊத்துறதுக்கு இது என்ன மஞ்சள் நீராட்டா?"

சிரித்தோம். அந்த மாதத்தில் முதல்முறையாக. அவள் என் பக்கம் திரும்பி, "நாலாவது கப்பு பின்கழுத்துக்கு, மறந்துராத" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி, "பின்கழுத்து" என்றாள். கணக்குப் பிள்ளைக்குச் சொன்னதையே சொல்கிற பழக்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

நாலு மணிக்குத் துணி எடுத்தோம். மொடமொடவென்று, கையில் பிடித்தால் நிற்கிற துணி. முகத்தைப் புதைத்தேன். சூட்டுக்கல், உப்பு, வேறு ஒன்றும் இல்லை. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல வாசனையை நான் மோந்ததில்லை.

ரோட்டோர டீக்கடைக்காரர் பஸ்ஸை விட்டு இறங்கிய வார்டனம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் வரிசை வைக்காமல் புளியமரத்தடியில் விளாறு உருவிக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை ஆறரை மணிக்கு இரண்டு விளாறோடு வந்தார்.

"செவத்துல போட்டது யாருன்னு நான் கேக்கப் போறதில்ல" என்றார். "நாறுறவ யாரு? காட்டு."

நடந்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை. வெயில் வாசம், வெயில் வாசம், வெயில் வாசம். லீடரக்காகூட மலைக்கல் மாதிரி மணத்தாள். திரும்பி வந்தேன்.

"யாருமில்ல டீச்சர்."

அறை. "இன்னொரு தரம் பாரு."

மறுபடி நடந்தேன். பாய்க்காரி முன்னால் வந்தபோது அவள் கண் என்னைப் பார்க்கவில்லை, நேராகப் பார்த்தது. ரணம் காய்ந்து பொருக்கு கட்டியிருந்தது. அவளிடமிருந்து காய்ந்த வைக்கோல் வாசம் வந்தது.

"நெசமா யாருமில்ல டீச்சர்."

"அப்ப ஒன் மூக்கு செத்துப்போச்சு. செத்த மூக்கு எனக்கு எதுக்கு? போ, நீயும் வரிசையில நில்லு. கையத் தூக்கு." விளாறு என் கெண்டைக்காலைத் தொட்டது. அடிக்கவில்லை. எங்கே விழப்போகிறது என்று காட்டியது, அவ்வளவுதான். பிறகு அதே விளாறு நகர்ந்து, சும்மா, வேறு எங்கோ பார்ப்பதுபோல, பாய்க்காரி பக்கம் சாய்ந்தது. "இவகிட்டயுமா இல்ல?"

அன்று அந்த வராந்தாவில் ஒருவர்தான் நாறினார் என்று எனக்குத் தெரியும். ஈரச்சேலை, தைலம், வேர்வை. ஒரு வாக்கியம் போதும். "ஒங்க மேலதான் டீச்சர்." அது தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றது. முப்பது வருடமாக அங்கேதான் நிற்கிறது.

என் கை எழுந்து பாய்க்காரியின் தோளைத் தொட்டது.

"நெனச்சேன்" என்றார் வார்டனம்மா.

அன்று இரண்டு விளாறும் முறிந்தன.

மறுநாள் அவள் அம்மா வந்தார். கை இரண்டும் முழங்கைவரை செம்மண் ஏறிய நிறம். பெட்டியின் மூன்று கோட்டையும் பார்த்தார். வார்டனம்மாவைப் பார்த்துக் கேட்டார்:

"நாறுச்சுன்னா கழுவிக்கலாமேம்மா. அதுக்கு எதுக்குப் பிள்ளைய அனுப்புறீக?"

வார்டனம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்த அம்மா பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டார். பாய்க்காரி நொண்டிக்கொண்டு பின்னால் போனாள். என்னைத் தாண்டும்போது காறித் துப்பியிருக்கலாம். துப்பவில்லை. அவள் பாய் இருந்த இடத்தில் அந்தச் சிவப்புக் கப்பு கிடந்தது. மறந்ததா, விட்டதா, தெரியவில்லை. சித்திரையில் கல்யாணம் ஆகிவிட்டதாகக் காதில் விழுந்தது. அதற்கு மேல் எனக்கு எதுவும் தெரியாது.

புதன்கிழமை காலை குழாயடிக்குப் போனேன். யாரும் சண்டை போடவில்லை. மூன்று குழாயும் எனக்காகத் திறந்திருந்தன. லீடரக்கா என் தலைமுடியைச் சுற்றிப் பிடித்துக் குப்புறத் தள்ளினாள். சிமெண்டுத் தரையில் தாடை இடித்தது, நாக்கில் ரத்தம். கப்புகள் முதுகில் விழுந்தன, வாளிகள், கால்கள். மூக்கில் தண்ணீர் ஏறியது. முப்பது பேர் சேர்ந்து என்னைக் குளிப்பாட்டினார்கள். லீடரக்கா ஒரு செங்கல் துண்டை எடுத்து என் பின்கழுத்தில் வைத்துத் தேய்த்தாள்.

"இங்கதாண்டி. இங்கதான் நாறும் ஒனக்கு. வந்த அன்னைலேருந்து நாறுற. செத்த எலிக்குப் பொறந்தவ மாதிரி நாறுற. ஒரு வாளித் தண்ணியக் கொட்டியும் நாறுற. ஒன் மூக்குக்கு அது மட்டும் எட்டல." தேய்த்தாள். "ரெண்டாம் கோடு விழுந்த அன்னைக்கே ஒன்ன வார்டன் முன்னால இழுத்துப் போட்டுச் சொல்லலாம்னோம். அவதான் விடல. வேணாம்க்கா, தன் நாத்தம் தனக்குத் தெரியாது, பாவம், சனிக்கிழம நாஞ் சொல்லித் தாரேன்னா."

சொல்லித்தான் தந்தாள். இரண்டு முறை. பின்கழுத்து, பின்கழுத்து.

அவர்கள் போன பிறகும் அங்கேயே கிடந்தேன். இருபது நிமிடம் முடிந்து குழாய் நின்றது. அன்று வரிசையில் வார்டனம்மா என்னைத் தேடியபோது மூக்கு வீங்கி, இரண்டு துவாரத்திலும் ரத்தம் உறைந்து நின்றேன். "மணக்கல டீச்சர்" என்றேன். அது உண்மை. அதற்குப் பிறகு அந்த வரிசை நடக்கவில்லை. மூக்கு இல்லாமல் எப்படி நடக்கும்? பரீட்சை வந்தது, விடுமுறை வந்தது, நான் திரும்பி அங்கே போகவில்லை.

இந்தக் கதையோடு நேற்றுக் காலை குளியலறை வாசலில் நின்றுகொண்டிருந்தேன், ஓங்கிய கையில் கப்போடு. மகன் கையைப் பார்த்தான். பயப்படவில்லை, அசந்துபோய்ப் பார்த்தான். கையை இறக்கினேன். அவன் சட்டைக் காலரைப் பிடித்து மோந்தேன். அதே நாய். மிஷினில் துவைத்து, படுக்கையறைக்குள் ஃபேனுக்கு அடியில் காயப்போட்ட சட்டை. உங்களுக்குத் தெரியும், நம் சங்கம் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறது: சாலையைப் பார்த்த பால்கனிகளில் துணி உலர்த்தக் கூடாது, கட்டடத்தின் அழகு கெடும். நானும் கையெழுத்துப் போட்டேன்.

சட்டையைக் கழற்றச் சொன்னேன். பாவாடை போய்ப் பேண்ட் வந்திருக்கிறது, மற்றபடி மலை அங்கேயேதான் கிடக்கிறது. வாளியில் இருந்த எல்லாவற்றையும் அலசிப் பிழிந்து பால்கனிக் கம்பியில் போட்டேன். மேலூர் ரோட்டைப் பார்த்து. அவன் ஜட்டி முதற்கொண்டு. கீழிருந்து வாட்ச்மேன் அண்ணாந்து பார்த்தார்.

"அக்கா, சங்கத்துல சத்தம் போடுவாக."

"போடச் சொல்லுங்கண்ணே. நான் வாரேன் பதில் சொல்ல."

மகனிடம் நாலு கப்பைச் சொன்னேன். எங்கெங்கே, எத்தனாவது என்று. முகம் சிவந்து, "ஐயோ அம்மா" என்று காதைப் பொத்திக்கொண்டான். பொத்திய கைக்கு மேலேயே சொன்னேன். "அம்புட்டுத்தானா?" என்றான். "அம்புட்டுத்தான். ரெண்டு நிமிஷம். பெறகு காஞ்ச துணி. ஸ்ப்ரே ஒன் இஷ்டம்." அவன் கப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போனான். தண்ணீர் விழுகிற சத்தத்தை எண்ணக் கூடாது என்று நினைத்தேன், எண்ணினேன். நாலு.

வெளியே வந்தவன் தலையைத் துவட்டிக்கொண்டே கையைத் தூக்கினான். "மோந்து பாரு. இப்ப நாறுதா?"

தூக்கிய கை. பதினாலு வயது. நான் பின்னால் நகர்ந்துவிட்டேன். "நான் பாக்க மாட்டேன்" என்றேன். "நீயே பாத்துக்க. இல்ல, ஒண்ணு செய். என்ன மோந்து பாரு. நான் நாறுறேனா சொல்லு."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் பக்கத்தில் வந்தான். இப்போது என்னைவிட உயரம். குனிந்து, தோளில், பிறகு முடியை ஒதுக்கி மோந்தான். கொஞ்சம் தயங்கினான்.

"லேசாம்மா" என்றான். "பின்கழுத்துல."

ஈரக் கப்பை எடுத்துக்கொண்டேன். குளிக்கப் போனேன்.